பக்கத்து வீட்டுக்கு வந்துபோகும் ‘அங்கிள்’: வெறும் சந்தேகத்தை வைத்துப் புகார் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டில் கணவர் இல்லாத ஓர் இளம் தாய் இருக்கிறார். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. அவர் வேலை முடிந்து வர இரவு 7 மணி ஆகிவிடும். சில மாதங்களாகக் குடும்ப நண்பர் என்று ஒருவர்தான் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறார். சின்னவனிடம் செல்போனைக் கொடுத்து வாசலில் உட்காரவைத்துவிட்டு, மகளோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வதை இரண்டு முறை பார்த்தேன். போன வாரம் மாடிப்படியில், “இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், சொன்னா அம்மா அழுவாங்க” என்று அவளிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. முன்பு குடியிருந்த இடத்திலும் அவரால் ஏதோ பிரச்சினை என்று கேள்வி. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதி எல்லாரையும் எச்சரிக்கலாமா? போலீசுக்குப் போகலாமா? “மானநஷ்ட வழக்குப் போட்டுவிடுவான், நமக்கெதற்கு வம்பு” என்கிறார் என் கணவர். நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்ன ஆகும்?

பதில்: உங்கள் கணவரின் பயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். பாதிப் பேரின் வாயைக் கட்டிப்போடுவது அந்தப் பயம்தான்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 19-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. பெற்றோராக இருக்க வேண்டும், உறவினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. ‘எந்த நபரும்’ என்றுதான் இருக்கிறது. அதே பிரிவின் 7-வது உட்பிரிவு, நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது என்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை சொல்வது 22-வது பிரிவு. ஒருவரை அவமானப்படுத்த, மிரட்ட, பணம் பறிக்க என்றே வேண்டுமென்று பொய் சொன்னவருக்குத்தான் அது. கண்ணால் பார்த்ததைச் சொல்லி, கடைசியில் அது வேறு விஷயமாகப் போனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் மறைத்தால் 21-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. வெறும் அச்சத்தைச் சொல்லாமல் விட்டதற்கு அந்தத் தண்டனை இல்லை. இருந்தாலும் எது அச்சம், எது தெரிந்த விஷயம் என்று தராசில் நிறுத்துப் பார்க்கும் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவா? தயவுசெய்து வேண்டாம். அவதூறு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் வருகிறது, 2 வருடம் வரை தண்டனை. அதில் விதிவிலக்குகளும் இருக்கின்றன. சட்டப்படி அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் குற்றச்சாட்டு அவதூறு ஆகாது. ஒருவருடைய நன்மைக்காக அவரிடமே நல்லெண்ணத்தோடு சொல்லும் எச்சரிக்கையும் அவதூறு ஆகாது. தாயிடம் தனியாகச் சொன்னால் இந்தக் குடைக்குள் நிற்கிறீர்கள். இருநூறு பேர் உள்ள குழுவில் போட்டால் மழையில் நனைய வேண்டியதுதான். அதைவிடப் பெரிய கெடுதல், அந்த ஆள் உஷாராகிவிடுவார். அந்தச் சிறுமி எந்த வீட்டுப் பிள்ளை என்பதும் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அவள் பெயர் வெளியே வரக் கூடாது என்பதில் போக்சோ சட்டம் மிகக் கறாராக இருக்கிறது.

அவருடைய பழைய கதையைத் தோண்டும் வேலையும் உங்களுக்கு வேண்டாம். பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் ஒன்று 2018 முதல் இருக்கிறது. புலனாய்வு அமைப்புகள் மட்டுமே அதைப் பார்க்க முடியும், நம்மைப் போன்றவர்களுக்குத் திறக்காது. ‘கேள்வி’ என்று நீங்கள் எழுதியிருப்பதை போலீசிடமும் ‘கேள்விப்பட்டேன்’ என்றே சொல்லுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, என்ன செய்வது? இன்றைக்கே ஒரு நோட்டு எடுங்கள். ‘இன்ன தேதி, மாலை 5.20, மாடிப்படி. அவர் சொன்ன வார்த்தைகள் இவை. பாப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.’ இவ்வளவு போதும். ‘அவன் பார்வையே சரியில்லை’ என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நோட்டில் வேண்டாம். பார்த்தது, கேட்டது, நேரம், இடம். கதவு எத்தனை மணிக்குச் சாத்தப்பட்டது, எப்போது திறந்தது என்பது நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள்.

அடுத்தது தாயிடம் பேசுவது. நீங்கள் தயங்குவதும் இங்கேதான், சீக்கிரம் நடக்க வேண்டியதும் இதுதான். ‘அந்த ஆள் மோசமானவன்’ என்று ஆரம்பித்தால் அவர் அந்த நண்பருக்காக வாதாடத் தொடங்கிவிடுவார். ஆதரவாக வந்த ஒரே மனிதரை எந்தப் பெண்ணும் அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்க மாட்டாள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “நான் ரெண்டு விஷயம் பார்த்தேன்மா. அதை உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல. முடிவு உன்னோடது. நாளையிலேர்ந்து நீ வர்ற வரைக்கும் பிள்ளைங்க எங்க வீட்ல இருக்கட்டும்.” அந்தக் கடைசி வாக்கியம்தான் உண்மையான பாதுகாப்பு. அந்த மனிதருக்கு அந்த வீட்டுச் சாவி கிடைத்ததே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால்தானே. போக்சோ வழக்குகளில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமானவராகத்தான் இருக்கிறார் என்று தேசியக் குற்றப் பதிவேடுகள் வருடா வருடம் காட்டுகின்றன.

குழந்தையை நீங்கள் விசாரிக்காதீர்கள். “அங்கிள் உன்னை எங்கே தொட்டார்?” என்று நல்ல மனதோடு கேட்ட ஒரு கேள்வி பின்னால் வழக்கையே சாய்த்துவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான்: “பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லிக்கொடுத்ததுதானே?” அவளாகவே வந்து ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே நோட்டில் எழுதுங்கள். முறைப்படி அவளிடம் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். அவள் வீட்டிலேயே, கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்பது 24-வது பிரிவு.

தாய் நம்பவில்லை, அல்லது நம்பியும் பயந்து வாயை மூடிக்கொண்டார் என்றால் அதோடு நிறுத்தாதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். உங்கள் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளலாம். குழந்தைகள் நலக்குழு வரை விஷயத்தை அவர்களால் கொண்டுபோக முடியும். நேராகக் காவல்துறைக்குப் போவதானால் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். நீங்கள் சொல்வதை எழுதி, பதிவு எண் கொடுத்து, படித்துக்காட்ட வேண்டியது அவர்கள் கடமை. “பெத்தவங்களே வரல, நீங்க யாரு?” என்று கேட்டால் 19-வது பிரிவை நினைவூட்டுங்கள். பதிவு செய்ய மறுப்பதும் 21-வது பிரிவில் குற்றம்தான். இதை அவர்களிடம் கோபமாகச் சொல்லத் தேவையில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாலும் வேலை நடக்கும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து அவருக்குத் தண்டனை வாங்க முடியாது. கதவைச் சாத்துவதும் ரகசியம் பேசுவதும் தனியாகப் பார்த்தால் குற்றமில்லை. பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, போனில் தொடர்புகொள்வது, ஆபாசப் படம் காட்டுவது ஆகியவை 11-வது பிரிவில் வரும், 3 வருடம் வரை தண்டனை. தொடுதல் இருந்தால் பிரிவும் தண்டனையும் ஏறிக்கொண்டே போகும். அதை விசாரித்துக் கண்டுபிடிப்பது போலீஸ் வேலை.

அப்புறம், செல்போன். அந்தப் பையன் கையில் இருக்கும் போனில் மோசமான எதையாவது பார்த்தால் அதை உங்கள் போனுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள், யாருக்கும் ‘ஆதாரம்’ என்று அனுப்பாதீர்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படத்தை அழிக்காமலோ புகார் கொடுக்காமலோ வைத்திருப்பதே 15-வது பிரிவின்படி குற்றமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் கறாராகச் சொல்லிவிட்டது. எந்தப் போனில் பார்த்தீர்கள் என்பதை போலீசிடம் சொல்லுங்கள், போதும்.

ஏதோ நடந்துவிட்டது என்று ஒரு ராத்திரி அந்தத் தாய் உங்கள் கதவைத் தட்டினால், குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம், போட்டிருந்த துணியைத் துவைக்க வேண்டாம். நேராக மருத்துவமனை. எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று தனியார் மருத்துவமனையும் சொல்லக் கூடாது, முதல் சிகிச்சைக்குக் காசும் கேட்கக் கூடாது. சிறுமி என்பதால் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், தாய் கூடவே இருக்கலாம்.

வழக்கு என்று வந்தால் நீங்கள் சாட்சியாக வர வேண்டியிருக்கலாம். மூடிய அறையில் நடக்கும் விசாரணை அது, வேடிக்கை பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். சம்பவம் நடந்தபோதோ, நினைவு மங்குவதற்குள் சீக்கிரமாகவோ எழுதியதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொண்டு சாட்சி சொல்ல நீதிமன்றம் அனுமதிக்கும்.