பேக்கிங் லைனில் எத்தனை சாம்பிள், எப்போது, எங்கிருந்து? – கேள்வி பதில்

கேள்வி: சார், சிரப் பேக்கிங்கில் தரச் சோதனை பார்க்கிறேன். பேட்ச் 6,000 பாட்டில். ஐ.எஸ். 2500 (சாம்பிள் எடுத்துச் சோதிப்பதற்கான இந்தியத் தரநிலை) அட்டவணை 200 சாம்பிள் எடுக்கச் சொல்கிறது. அரை மணிக்கு ஒருமுறை 200 பாட்டிலை எப்படிப் பார்ப்பது?

பதில்: பார்க்க வேண்டாம். அந்த அட்டவணை லாட்டுக்கானது, அதாவது மொத்தமாகச் சேர்ந்த ஒரு தொகுதிச் சரக்குக்கானது. கையில் இருக்கும் 6,000 பாட்டிலை ஏற்பதா, தள்ளுவதா என்ற கேள்விக்குத்தான் அது விடை சொல்லும். ஓடுகிற லைனில் உங்கள் கேள்வியே வேறு. சற்று முன்பு சரியாக ஓடிய மெஷின் இப்போதும் அப்படியே ஓடுகிறதா? அதற்குச் சில பாட்டில்கள் போதும், ஆனால் அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஒன்றை மனதில் வையுங்கள். 20க்கு 1 பாட்டில் கோளாறாக வந்துகொண்டிருந்தாலும், 5 சாம்பிளில் அது சிக்காமல் போக 77 சதவீத வாய்ப்பு உண்டு. திடீரென்று நேரும் பெரிய மாற்றத்தைத்தான் சின்னச் சாம்பிள் பிடிக்கும். அதனால் பேட்ச் முழுவதிலிருந்தும் பரவலாக எடுத்த அந்த 200ஐ இறுதிச் சோதனைக்குக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுடையது 8 நாசில் (நிரப்பும் குழாய் முனை) உள்ள ரோட்டரி மெஷின், சுழன்றபடி நிரப்புவது. வரிசையாக 5 பாட்டில் எடுக்கிறோம். போதுமா?

பதில்: போதாது. ஒரு நாசில் மட்டும் குறைவாக நிரப்பினால், வரிசையாக எடுக்கும் 5 பாட்டிலில் அது வராமல் போக 8க்கு 3 வாய்ப்பு. 8ஆக எடுங்கள், ஒரு முழுச் சுற்று. எந்தப் பாட்டில் எந்த நாசில் என்று எண் போட்டு எழுதுங்கள். மூடி போடும் ஹெட்டுக்கும் இதே கணக்கு. பிளிஸ்டர் (மாத்திரை அட்டை) என்றால், ஒரு வெட்டில் எத்தனை ஸ்ட்ரிப் விழுகிறதோ அத்தனையும் சேர்ந்துதான் ஒரு சாம்பிள். சாம்பிள் எண்ணிக்கையை மெஷினின் அமைப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பல இடங்களில் யாரும் யோசிக்காமல் விடுவது இதைத்தான்.

கேள்வி: அரை மணியா, ஒரு மணியா?

பதில்: நிமிடத்துக்கு 100 பாட்டில் ஓடினால் அரை மணியில் 3,000. சோதனையில் கோளாறு தெரிந்தால், கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பின் வந்த எல்லாவற்றையும் ஹோல்டில் போட்டு, அதாவது வெளியே விடாமல் நிறுத்தி வைத்து, பிரித்துப் பார்க்க வேண்டும். 3,000ஐப் பிரிக்க ஆளும் இடமும் இருந்தால் அரை மணி சரி. இல்லையென்றால் 15 நிமிடம். லைன் நின்று ஓடும்போதும், ரோல் மாற்றும்போதும், ஷிப்ட் மாறும்போதும் கடிகாரம் பார்க்காமல் உடனே சாம்பிள் எடுங்கள்.

கேள்வி: ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர அளவு) 1.0 என்றால் நூற்றுக்கு ஒன்று கெட்டிருக்கலாம் என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. உங்கள் உற்பத்தி அந்த அளவில் இருந்தால் பெரும்பாலான லாட்டுகள் தேறிவிடும், அவ்வளவுதான். வாங்குபவருக்கு அது தரும் பாதுகாப்பு குறைவு. 200 சாம்பிளில் கோளாறு 5 வரை இருந்தால் ஏற்கலாம் என்ற திட்டத்தில், 3 சதவீதம் கெட்ட லாட்டே நூற்றுக்கு நாற்பது தடவைக்கு மேல் தேறிவிடும். தொடர்ந்து வரும் 5 லாட்டில் 2 ரிஜெக்ட் ஆனால் கடுமையான திட்டத்துக்கு மாற வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதித் திட்டம்தான்.

கேள்வி: வேறு மருந்தின் லேபிள் கலந்துவிடாமல் இருக்க எத்தனை சாம்பிள்?

பதில்: இதற்குச் சாம்பிளே கிடையாது. லைன் கிளியரன்ஸ் (முந்தைய மருந்தின் லேபிள், பாட்டில் எதுவும் லைனில் மிச்சமில்லை என்று உறுதி செய்வது), லேபிள் எண்ணிக்கைக் கணக்கு, ஒவ்வொரு பாட்டிலையும் படிக்கும் பார்கோடு ரீடர், இவைதான் வழி. ரீடர் வேலை செய்கிறதா என்று வேண்டுமென்றே தப்பு லேபிள் ஒட்டிய பாட்டிலை விட்டுப் பாருங்கள், தொடக்கத்திலும் முடிவிலும் லைன் நின்ற பிறகும்.

கேள்வி: மசாலா 500 கிராம் பாக்கெட். எடை சரி, தப்பு என்று டிக் அடிக்கிறோம்.

பதில்: டிக் வேண்டாம், எடையை எழுதுங்கள். 2011 சட்டமுறை எடையளவு விதிகளில் 500 கிராமுக்கு அனுமதித்த பிழை 15 கிராம். ஆனால் சராசரி 500க்குக் குறையக் கூடாது. 504, 502, 499 என்று சராசரி இறங்கி வருவதை டிக் காட்டாது. ஐந்து ஐந்தாக எடுத்து சராசரி, வீச்சு (அதிக எடைக்கும் குறைந்த எடைக்கும் உள்ள வித்தியாசம்) சார்ட் போட்டால் பாக்கெட் கெடும் முன்பே தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரு சாம்பிள் லீக் ஆனது. மறுபடி 5 எடுத்தோம், எல்லாம் நன்றாக இருந்தன. விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. அந்த 5, முதலில் கண்ட லீக்கை இல்லாமல் ஆக்கிவிடாது. லைனை நிறுத்துங்கள். சீலிங் சூடு, அழுத்தம், வேகம் மூன்றையும் பாருங்கள். காரணம் தெரிந்து சரி செய்த பிறகு எடுக்கும் சாம்பிள் லைனை மறுபடி ஓட்டுவதற்கு மட்டும். பழைய சரக்கு ஹோல்டிலேயே இருக்கட்டும். ‘மறுசோதனையில் தேறியது’ என்று எழுதி அதை விடச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.