ஊசலில் தொடங்கலாம்: வாசகர் கேள்வி-பதில்

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் முறையைக் கற்பிக்கிறேன். கவனித்தல், கருதுகோள், சோதனை, முடிவு என்று எழுதிப்போட்டால் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். செய்யச் சொன்னால் திணறுகிறார்கள். பள்ளியில் ஆய்வகம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?
– ஆசிரியை, நடுநிலைப் பள்ளி

படிகளின் பெயர்களைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். தனி ஊசலில், அதாவது நூலில் தொங்கி ஆடும் எடையில், தொடங்குங்கள். ஒரு பாடவேளைக்குள் முடிவு தெரிந்துவிடும். பிள்ளைகளின் ஊகமும் பெரும்பாலும் பொய்த்துப்போகும். இரண்டும் சேர்ந்து வாய்க்கும் சோதனைகள் குறைவு.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இழுத்தால் நீளாத நூல் 1 மீட்டர், ஒரே அளவு இரும்பு நட்டு ஐந்து, கொக்கியாக வளைத்த ஜெம் கிளிப் ஒன்று, 30 செ.மீ. ஸ்கேல் இரண்டு, செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். நூலை ஆணியில் கட்டினால் முடிச்சு நகர்ந்து நீளம் மாறும். அதனால் இரண்டு ஸ்கேல்களுக்கு நடுவே நூலை வைத்து, ரப்பர் பேண்டால் இறுக்கி, இடைவெளி விட்டுப் போட்ட இரு மேசைகளுக்குக் குறுக்கே, விளிம்பு கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். இரு முனைகளிலும் புத்தகங்களை அண்டக் கொடுங்கள். ஸ்கேலின் கீழ் விளிம்பிலிருந்து நட்டின் மையம் வரை 50 செ.மீ. இருக்கட்டும். மின்விசிறி ஓடக் கூடாது.

"ஊசல் ஏன் ஆடுகிறது?" என்ற கேள்வியை ஸ்டாப்வாட்சால் சோதிக்க முடியாது. "நட்டைக் கூட்டினால் 10 அலைவுக்கான நேரம் மாறுமா?" என்பதைச் சோதிக்கலாம். நட்டு மறுபக்கம் போய், விட்ட இடத்துக்கே திரும்பி வருவது ஓர் அலைவு. சோதனைக்கு முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தையும் அதற்கான காரணத்தையும் பேனாவால் எழுதட்டும். "கனமானது வேகமாக ஆடும்" என்று பலர் எழுதுவார்கள். திருத்தாதீர்கள்.

நட்டை 5 செ.மீ. பக்கவாட்டில் இழுத்து, தள்ளாமல் விடச் சொல்லுங்கள். ஒரே அலைவை அளந்தால் 1.4 வினாடிதான்; பொத்தானை அழுத்துவதில் 0.2 வினாடி பிசகினாலே ஏழில் ஒரு பங்கு போய்விடும். பத்து அலைவுக்கு 14.2 வினாடி வரும். அதே பிசகு அங்கே பெரிதாகத் தெரியாது. ஒவ்வொன்றையும் மூன்று முறை அளக்க வேண்டும்.

ஐந்து நட்டுகளையும் ஒரே கொக்கியில் மாட்டுங்கள்; நேரம் மாறாது. ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டால் மையம் சுமார் 3 செ.மீ. இறங்கும், நேரம் 14.6 ஆகும், "கனம் கூடினால் மெதுவாக ஆடும்" என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அப்படி நடந்தால், எடையோடு நீளமும் சேர்ந்து மாறிவிட்டதை அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்ற விதி அப்போதுதான் உறைக்கும். பிறகு நீளத்தைக் கால்வாசியாக்கி, 12.5 செ.மீ.யில் அளக்கட்டும்: சுமார் 7.1 வினாடி, அதாவது சரிபாதி.

இதே ஊசல் சோதனையில், 10 அலைவுக்கு ஒரு குழுவுக்கு 14.3, 14.1, 12.8 வினாடி என்று வந்தது. கடைசி எண்ணை அழித்து 14.2 என்று எழுதிவிட்டார்கள். என்ன செய்வது?
– ஆசிரியர், உயர்நிலைப் பள்ளி

அழித்த எண்தான் அந்தப் பக்கத்திலேயே சுவாரசியமானது. 14.2க்கும் 12.8க்கும் வித்தியாசம் 1.4, சரியாக ஓர் அலைவின் நேரம். நட்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணியிருப்பார்கள், அதனால் கணக்கில் வந்தது ஒன்பது அலைவுதான். விடும்போது "சுழி" என்று சொல்லச் சொல்லுங்கள். ரப்பருக்குத் தடை போடுங்கள்: தவறான எண்ணின் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் காரணம், அடுத்த வரியில் புதிய அளவு. மதிப்பெண்ணையும் விடைக்குத் தராமல் பதிவுக்குத் தந்தால் அழிக்கும் பழக்கம் தானாகக் குறையும்.

பாசிப்பயறு முளைக்க வெளிச்சம் வேண்டுமா என்று மகள் சோதித்தாள். ஜன்னலில் வைத்தது முளைக்கவில்லை, அலமாரியில் வைத்தது முளைத்தது. இருட்டுதான் தேவையா?
– ஒரு தாய்

ஜன்னலில் வெயில் பட்டு ஈரம் காய்ந்திருக்கும். இரண்டு கிண்ணங்களையும் வெயில் நேராக விழாத ஒரே இடத்தில் வைத்து, ஒன்றை மட்டும் அலுமினியத் தாளால் மூடுங்கள். ஒவ்வொன்றிலும் 20 பயறு, ஒரே அளவு தண்ணீர். 48 மணி நேரம் கழித்து வேர் விட்டவற்றை எண்ணினால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வரும்.

"மூடியதால் காற்றுப் போகவில்லை" என்று யாராவது மறுக்கலாம். இறைச்சியில் புழு தானாகத் தோன்றுகிறதா என்று பார்த்து, இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி 1668இல் வெளியிட்ட சோதனையிலும் இதே சிக்கல் உண்டு. மூடிய ஜாடி இறைச்சியில் புழு வரவில்லை என்று காட்டியவர், காற்றில்லாததே காரணம் என்ற மறுப்புக்கு இடமில்லாதபடி மெல்லிய துணியால் மூடியும் செய்து பார்த்தார். அப்போதும் இறைச்சியில் புழு வரவில்லை. உங்கள் மகள் தாளின் பக்கவாட்டில் இரண்டு மூன்று துளை போட்டு, மேலே கறுப்புத் துணி போர்த்தலாம்.

வீச்சு (ஊசல் நடுவிலிருந்து விலகும் அளவு) மாறினாலும் ஊசலின் அலைவு நேரம் மாறாது என்று படித்தேன். 50 செ.மீ. ஊசலில் நட்டை நன்றாக உயர்த்தி விட்டால் 10 அலைவுக்கு 15 வினாடிக்கு மேல் வருகிறதே?
– எட்டாம் வகுப்பு மாணவர்

நீங்கள் அளந்தது சரி. அந்த விதி சிறிய வீச்சுக்கு மட்டும். 60 பாகையில் விட்டால் அலைவு நேரம் சுமார் 7 சதவீதம் கூடும்; 14.2 வினாடி 15.2 ஆகும். 30 பாகையில் 14.4 தான், கைப்பிசகிலேயே மறைந்துவிடும். ஊசல் ஆட ஆட வீச்சு குறைவதால், பெரிய கோணத்தில் பத்துக்குப் பதில் ஐந்து அலைவை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குங்கள். கோணமானியை ஸ்கேலில் ஒட்டி, 10 பாகையிலிருந்து பத்துப் பத்தாக ஏற்றி, எந்தக் கோணத்தில் வித்தியாசம் உங்கள் கைப்பிசகைத் தாண்டுகிறது என்று பாருங்கள்.