ஆய்விதழ் ஒரே ஆண்டில் தரம் இறங்குமா?

கேள்வி: துறைத் தரவரிசையில் முதல் கால்பங்கில் இருந்த ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினேன். அது அச்சேறுவதற்குள் இதழ் இரண்டாம் கால்பங்குக்கு இறங்கிவிட்டது. ஓர் இதழின் தரம் இவ்வளவு விரைவில் குறையுமா?

பதில்: குறைந்திருக்கும் என்று நான் கருதவில்லை. தரவரிசைக்குப் பெரும்பாலும் அடிப்படையாக இருக்கும் தாக்கக் காரணி, ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு ஓராண்டில் கிடைத்த மேற்கோள்களை அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் சராசரி. இரண்டு ஆண்டுகளில் 80 கட்டுரைகளே வெளியிடும் சிற்றிதழில், 80 மேற்கோள்கள் பெற்ற ஒரே கட்டுரை அந்தச் சராசரியை முழுதாக 1 உயர்த்திவிடும். 2,000 கட்டுரைகள் வெளியிடும் இதழில் அதே கட்டுரையால் 0.04 மட்டுமே கூடும்.

இதற்கு மறக்க முடியாத சான்று படிகவியல் இதழான 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா' வின் ஏ பிரிவு. படிக அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் நிரல்களைப் பற்றி, அவற்றை உருவாக்கிய ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008 இல் அவ்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். அந்நிரல்களைப் பயன்படுத்திய ஆய்வாளர்கள் அனைவரும் அதையே மேற்கோள் காட்டியதால், ஏறத்தாழ 2 ஆக இருந்த தாக்கக் காரணி 2009 இல் 49.9 ஆயிற்று, அக்கட்டுரை இரண்டாண்டு வரம்பைக் கடந்ததும், 2011 இல் மீண்டும் 2 அருகே வந்து நின்றது. இதழின் ஆசிரியர் குழுவோ மதிப்பீட்டு முறையோ இதற்குக் காரணமல்ல.

எண் மாறினால் இடமும் மாறியாக வேண்டும் என்பதில்லை. பெருந்தொற்று ஆய்வுகளால் 'லான்செட்' இதழின் தாக்கக் காரணி 2020 இல் 79 ஆக இருந்து மறு ஆண்டு 202 ஐத் தாண்டியது, 2023 இல் 98 க்கு இறங்கியது; ஆயினும் பொது மருத்துவ இதழ்களின் முன்வரிசையில் அது நீடிக்கிறது. உச்சியில் இதழ்களுக்கு இடையிலான இடைவெளி பெரிது. அங்குள்ள இதழ்களுக்கே நல்ல கட்டுரைகள் முதலில் போய்ச் சேர்வதால் அந்த இடம் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. நடுப்பகுதியிலோ நெரிசல் மிகுதி. பத்தில் ஒரு பங்கு வேறுபாடே ஓர் இதழைப் பல படிகள் இறக்கிவிடும். உங்கள் இதழ் கால்பங்கின் எல்லைக்கோட்டருகே இருந்திருந்தால், நேர்ந்தது இதுவாகவே இருக்கலாம். அவ்விதழின் ஐந்தாண்டுத் தாக்கக் காரணியைப் பாருங்கள். அது பெரிதாக அசையாதிருந்தால் கவலை வேண்டாம்.

ஒரு கட்டுரையின் தகுதியை அது வெளியான இதழின் எண்ணைக் கொண்டு அளக்கக் கூடாது என்று 2012 இல் உருவான சான் பிரான்சிஸ்கோ அறிக்கை வலியுறுத்துகிறது; அதை நான் முழுமையாக ஏற்கிறேன். பதவி உயர்வுக் குழு எண்ணைக் கேட்டே தீரும் என்றால், கட்டுரை அனுப்பிய ஆண்டின் நிலையையும் வெளியான ஆண்டின் நிலையையும் சேர்த்தே எழுதுங்கள். உங்கள் ஆய்வு புதிதாகக் கண்டது என்ன என்பதை அவற்றுக்கு மேலே எழுதுங்கள்.