காசிரங்காவுக்கு எந்த மாதம் போகலாம்?

கேள்வி: குடும்பத்தோடு அஸ்ஸாம் போய்க் காண்டாமிருகம் பார்க்க ஆசை. பிள்ளைகளுக்கு மே மாதம்தான் நீண்ட விடுமுறை. அப்போது போகலாமா? வெள்ளச் செய்திகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. 68 வயதைத் தாண்டிய அம்மாவும் வருகிறார்.

பதில்: மே வேண்டாம். காசிரங்கா தேசியப் பூங்கா மழைக்காலத்துக்காக மே மாத வாக்கில் மூடினால், மறுபடி திறப்பது அக்டோபரில்தான். மழையைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகும். ஏப்ரலிலும் மாலை நேரங்களில் இடி, சூறைக்காற்றோடு மழை கொட்டும். அம்மாவை வைத்துக்கொண்டு திறந்த ஜீப்பில் அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நம் ஊர் மழைக்கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அஸ்ஸாமில் நவம்பரில் வானம் தெளிந்துவிடும். அங்கே மழை பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றால் வருவது. வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மேகாலயா மலைகளிலும் இமயமலை அடிவாரத்திலும் முட்டிக் கொட்டித் தீர்க்கும். அந்தத் தண்ணீரெல்லாம் இறங்கிச் சேர்வது இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே கிடக்கும் தட்டையான பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில். திபெத்திலிருந்து வரும் ஆறு வண்டல் மண்ணையும் அள்ளிக்கொண்டு வருவதால் படுகை மேடேறி, வெள்ளம் கரையை மீறிப் பரவுகிறது.

வெள்ளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காசிரங்காவை உருவாக்கியதே அந்த வெள்ளம்தான். ஆற்று நீர் உள்ளே புகுந்து, அங்கே 'பீல்' என்று சொல்லும் ஏரிகளை நிரப்பும். மீன் பெருகும். அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரை அடித்துக்கொண்டு போகும். புது வண்டலில் புல் தழைக்கும். வெள்ளம் வராமல் போனால் புல்வெளி மெல்ல மரக்காடாகிவிடும், காண்டாமிருகத்துக்கு மேய்ச்சல் இருக்காது. அதே வெள்ளம் அளவு மீறினால் விலங்குகளைக் கொல்லும் என்பதும் உண்மை. 2017லும் 2019லும் நிறைய விலங்குகள் செத்தன. தண்ணீர் ஏறும்போது மான், யானை, காண்டாமிருகம் எல்லாம் தெற்கே தேசிய நெடுஞ்சாலையைக் கடந்து கார்பி ஆங்லாங் மலைக்கு ஏறப் பார்க்கும். அப்போது வனத்துறையினர் சாலையில் நுழையும் வண்டிகளுக்கு நேரம் குறித்த அட்டை கொடுப்பார்கள். அடுத்த முனைக்கு அந்த நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் வேகமாக ஓட்டியிருக்கிறீர்கள் என்று பொருள், அபராதம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. அந்த மலைக்குப் போகும் வழிகள் திறந்திருக்கும் வரைதான் பூங்காவுக்கு உயிர்.

சரி, எப்போது போவது? முடிந்தால் பிப்ரவரி, மார்ச். ஆளை மறைக்கும் யானைப்புல்லை வனத்துறையினர் குளிர்காலக் கடைசியில் பகுதி பகுதியாக எரிப்பார்கள். அப்புறம் முளைக்கும் இளம்புல்லை மேய விலங்குகள் வெட்டவெளிக்கு வரும். பள்ளி விடுமுறைதான் முக்கியம் என்றால் டிசம்பர் கடைசி, அரையாண்டு விடுமுறையில் போங்கள். புல் உயரமாக இருக்கும், காலையில் பனிமூட்டம் இருக்கும். அதனால் மதிய சஃபாரியை நம்புங்கள். அங்கே நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதால் மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு கிளம்பிவிட வேண்டும். அம்மாவுக்கு ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா கட்டாயம்.

காண்டாமிருகம் தெரியுமா என்ற கவலை வேண்டாம். 2022 கணக்கெடுப்பில் இங்கே 2,613 இருந்தன. உலகத்தின் ஒற்றைக்கொம்பு காண்டாமிருகங்களில் பெரும்பகுதி இந்த ஒரே காட்டில்தான். முதல்முறை போகிறவர்கள் மேற்கே பாகோரி வழியாக நுழையுங்கள், அங்கே பார்ப்பது சுலபம். பறவைகளுக்குக் கிழக்கே அகராதொலி. பாதையோரம் பெரிய சாணக்குவியல் தெரிந்தால் ஜீப்பை நிறுத்திச் சுற்றிலும் பாருங்கள். காண்டாமிருகங்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்து சாணமிடும். கூடவே காட்டு எருமையையும் பார்ப்பீர்கள். முதுமலையில் பார்க்கும் காட்டுமாடு வேறு. இது நம் வீட்டு எருமையின் மூதாதை, கொம்பு இரண்டு பக்கமும் அகல விரிந்திருக்கும். புலி இருக்கிறது, ஆனால் அதற்காக ஓட்டுநரை விரட்டாதீர்கள். குட்டியோடு நிற்கும் காண்டாமிருகத்தின் அருகில் வண்டியை விடச் சொல்லவும் வேண்டாம், அது பாய்ந்து வரும்.

அம்மாவுக்கு யானைச் சவாரி தேவையில்லை, விடியற்குளிரில் ஏறி இறங்குவது சிரமம். ஜீப்பில் ஓட்டுநர் பக்கத்து இருக்கை அவருக்குத்தான். விமானத்தில் ஜோர்ஹாட்டில் இறங்கினால் சுமார் 100 கி.மீ., குவஹாத்தியில் இறங்கினால் 200 கி.மீ.க்கு மேல். கன்னியாகுமரி–திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, சேலம் வழியாகப் போகிறது, ஆனால் ஏறத்தாழ மூன்று நாள் பயணம், முதியவரோடு நான் சொல்ல மாட்டேன். ஜோர்ஹாட் வழியாகப் போனால் ஹூலோங்காபார் சரணாலயத்துக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். இந்தியாவில் வாழும் வாலில்லாக் குரங்கான ஹூலக் கிப்பன் அங்கே மர உச்சியில் கூவுவதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். குவஹாத்தியோடு திரும்ப வேண்டியிருந்தால் பக்கத்திலேயே பொபிதோரா சரணாலயம் இருக்கிறது. சின்னக் காடு, காண்டாமிருகங்கள் நெருக்கமாக இருக்கும், ஒரே நாளில் போய் வந்துவிடலாம்.