வலிப்பு மாத்திரையுடன் மூலிகைச் சூரணம் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 19. வலிப்பு நோய்க்காக ஃபெனிடாயின் மாத்திரை சாப்பிடுகிறான். ஓராண்டுக்கும் மேலாக வலிப்பு வரவில்லை. படித்தது மறந்துபோகிறது என்று அவன் சொல்வதால், வல்லாரை லேகியமும் திரிகடுகச் சூரணமும் கொடுக்கச் சொல்லி என் நாத்தனார் வற்புறுத்துகிறார். சேர்த்துக் கொடுக்கலாமா? பிறகு மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: அம்மா, மாத்திரையை நீங்களாகக் குறைக்கவே வேண்டாம். திடீரென்று குறைத்தால், விட்டு விட்டு வந்த வலிப்பு ஓயாத வலிப்பாக மாறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

திரிகடுகத்தில் சுக்கோடு மிளகும் திப்பிலியும் சேருகின்றன. இவ்விரண்டிலும் உள்ள பைப்பரின் என்னும் பொருள், ஃபெனிடாயின் இரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டுகிறது என்பது நோயாளிகளிடமே சோதித்து அறியப்பட்டுள்ளது. ஃபெனிடாயினைச் சிதைக்கும் ஈரலின் திறனுக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பை நெருங்கியபின், உள்ளே போகும் மருந்து சற்றே கூடினாலும் இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு உயர்ந்துவிடும். தள்ளாட்டம், கண்மணி தானாக அசைதல், நாக்குழறல், அசதி ஆகியவை அதன் அடையாளங்கள். வீட்டில் வழக்கமாக வைக்கும் மிளகு ரசத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஏனெனில் மருத்துவர் மாத்திரையின் அளவை நிர்ணயித்ததே அந்தச் சாப்பாட்டுப் பழக்கத்தின் மீதுதான். புதிதாக நாள்தோறும் சூரணம் சேர்ப்பதுதான் கணக்கை மாற்றுகிறது.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். ஞாபகசக்திக்கென்று கடைகளில் விற்கும் சங்கபுஷ்பி சிரப்பைச் சேர்த்துக் குடித்த நோயாளிகளுக்கு, அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் வந்ததை மும்பை மருத்துவர்கள் 1992-இல் பதிவு செய்தார்கள். பின்னர் எலிகளில் சோதித்தபோது, அந்த மருந்து ஃபெனிடாயினின் அளவைக் குறைப்பது தெரிந்தது. நாத்தனார் அடுத்து அதைச் சொன்னாலும் வாங்கிவிடாதீர்கள்.

வல்லாரையைக் கீரையாக எப்போதாவது சமைத்துச் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. லேகியமாக, செறிந்த அளவில் தினமும் கொடுக்கும்போது மாத்திரையின் தூக்கக் கலக்கத்தோடு அதுவும் சேரலாம். வலிப்பு மாத்திரையின் இடத்தில் வைக்கத்தக்க மூலிகை என்று மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: மறதிக்கும் மந்தத்துக்கும் ஃபெனிடாயினே காரணமாக இருக்கலாம். அப்படியானால் அதற்குத் தீர்வு லேகியத்தில் இல்லை. நரம்பியல் மருத்துவரிடம் சொன்னால், அளவைத் திருத்தவோ வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்றவோ அவருக்கு வழி உண்டு. மருத்துவரைத் தொந்தரவு செய்கிறோமே என்று தயங்கிப் பலர் இதைச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

சளி பிடித்தால் யூகலிப்டஸ் தைலம் விட்டு ஆவி பிடிப்பதும், கற்பூரம் கலந்த தைலங்களை மார்பில் பூசுவதும் நம் வீடுகளில் சாதாரணம். இவையிரண்டும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. உங்கள் மகனுக்கு வெறும் வெந்நீர் ஆவியே போதும்.

சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடத்தில் பட்டம் பெற்ற மருத்துவரிடம் காட்டி, இப்போதைய மாத்திரைச் சீட்டையும் கொடுங்கள். அவர் எழுதித் தருவதை நரம்பியல் மருத்துவரிடம் காட்டிய பிறகே தொடங்குங்கள். தொடங்குமுன் ஒரு முறையும், தொடங்கிச் சில வாரங்களில் மறுமுறையும் ஃபெனிடாயின் அளவுக்கான இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். காலை மாத்திரைக்கு முன்பு இரத்தம் கொடுப்பது நல்லது.