பல்லுக் கம்பிக்கு நானோ வெள்ளிப் பூச்சு வாங்கலாமா?

கேள்வி: மகளுக்கு 14 வயது. ஹட்டனில் தனியார் கிளினிக் ஒன்றில் பல்லுக்குக் கம்பி போடப் போகிறோம். நானோ வெள்ளி பூசிய கம்பி போட்டால் கிருமி அண்டாது, வெள்ளைத் தழும்பு விழாது என்று தனியாகக் காசு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு தாய், தலவாக்கலை

பதில்: பூச்சுக்கென்று தனிக் காசு வேண்டாம்.

வெள்ளியும் துத்தநாக ஒக்சைட்டும் நானோ துகளாக, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகளாக, கிருமியைக் கொல்வது உண்மைதான். ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆய்வுகூடத்தில் நடந்தவை. கம்பியோ வாயில் ஒன்றரை, இரண்டு வருடம் கிடக்கும். பிரஷும் எச்சிலும் பூச்சைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

தழும்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிராக்கெட்டுக்கும் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) முரசுக்கும் நடுவே, பல்லின் மேல். அங்கே படியும் அழுக்கில் கிருமி சீனியை அமிலமாக்கும். அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5க்குக் கீழே போனால் எனாமலின் சுண்ணாம்பு கரையத் தொடங்கும். 4 வாரத்திலேயே வெள்ளை தெரியலாம். பூச்சோ உலோகத்தில் இருக்கிறது. அதிலும் பிராக்கெட்டுகளை இணைத்து ஓடும் வளைகம்பியை இடையிடையே மாற்றுவார்கள். பழைய கம்பியோடு உங்கள் காசும் குப்பைக்குப் போகும். வெள்ளிக்குப் பதில் டைட்டேனியம் டயொக்சைட்டுப் பூச்சு என்றால் இன்னும் வேடிக்கை: அது நன்றாக வேலை செய்ய புற ஊதா ஒளி வேண்டும், வாய்க்குள் ஏது வெயில்?

ஒட்டும் பசையில் துகள் கலந்தது என்றால் கூடுதல் கவனம். அளவு மிஞ்சினால் பிடிப்புக் குறையும், பிராக்கெட் கழன்று விழும். திரும்ப ஒட்ட பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போகும்.

அப்படியும் வாங்குவதானால் பிராக்கெட்டா, கம்பியா, பசையா, எதில் பூச்சு என்று கேளுங்கள். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி பார்த்து, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு உண்டா என்றும் விசாரியுங்கள். பூச்சின் பெயரையும் விலையையும் பற்றுச்சீட்டில் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு முறையிட அந்த வரிதான் உதவும்.

அதே காசில் 1450 பிபிஎம் புளோரைட் பற்பசையும், கம்பிக்கு அடியில் நுழையும் பல்லிடைப் பிரஷும் வாங்கலாம். வழக்கமான பல் பிரஷை 45 பாகை சாய்த்து பிராக்கெட்டின் மேலும் கீழும் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் விடட்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை புளோரைட் வார்னிஷ் பூசுவார்களா என்று கேளுங்கள். சீனி போட்ட பிளேன்டீயை நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருந்தால் எந்தப் பூச்சும் நிற்காது. சாப்பாட்டோடு குடித்து முடிக்கச் சொல்லுங்கள்.