நோட்டரி முத்திரைக்கு மேல் எத்தனை முத்திரை?

வெளிநாட்டிலுள்ள சொத்தை விற்க அங்கிருக்கும் தம்பிக்குப் பவர் எழுதி அனுப்பிய வாசகர் கேட்கிறார்: "நோட்டரி முத்திரை போதாது, அப்போஸ்டில் வேண்டும் என்று பத்திரத்தைத் திருப்பிவிட்டார்கள். அதற்கு மேல் தூதரக முத்திரையும் கட்டாயம் என்கிறார் ஏஜென்ட். உண்மையா?"

முதல் பாதி உண்மை. இரண்டாவது, பெரும்பாலும் ஏஜென்ட்டின் வருமானம்.

கையெழுத்திட்டவர் நீங்கள்தான் என்று நோட்டரி சொல்கிறார். அந்த நோட்டரியை வெளிநாட்டு அலுவலருக்கு எப்படித் தெரியும்? அவருடைய கையெழுத்தும் முத்திரையும் அசல் என்று அரசு அதிகாரி தரும் சான்றுதான் அப்போஸ்டில். பத்திரத்தில் சர்வே எண் தப்பாக இருந்தால் அது காப்பாற்றாது.

தூதரகப் படிகளில் ஏறி இறங்கும் கொடுமையை ஒழிக்கத்தான் 1961இல் ஹேக் உடன்படிக்கையே வந்தது. இரு நாடுகளுக்கும் இடையே அது அமலில் இருந்தால், அப்போஸ்டிலுக்கு மேல் வேறு சான்று தேவையில்லை என்கிறது அதன் 5ஆம் பிரிவு. இத்தனை ஆண்டு கழித்தும் "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு முத்திரை கேட்கும் அலுவலர்கள் இருக்கிறார்கள். தரகர்கள் பிழைப்பதே அவர்களால்தான். அந்த நாட்டுடன் உடன்படிக்கை அமலில் இல்லையென்றால்தான் தூதரக வழி. உறுப்பு நாடுகளின் பட்டியல் ஹேக் மாநாட்டு இணையதளத்தில் இருக்கிறது, நீங்களே பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. சொத்து இருக்கும் நாட்டின் தூதரகம் உங்கள் ஊர்ப் பக்கம் இருந்து, அதன் அதிகாரி முன்னிலையில் பவரில் கையெழுத்திட்டால், அந்தப் பத்திரம் உடன்படிக்கைக்குள்ளேயே வராது. 1ஆம் பிரிவே அதை விலக்கிவிடுகிறது. அதற்கு அப்போஸ்டில் கிடையாது. கேட்டுப் போனால் திருப்பி அனுப்புவார்கள், அனுப்பவும் வேண்டும். "அதற்கும் வாங்கித் தருகிறேன்" என்பவர் தருவது போலி. ஆகவே நோட்டரியா, தூதரகமா என்பதைக் கையெழுத்திடும் முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். தூதரக வழியை அங்குள்ள பதிவு அலுவலகம் ஏற்குமா என்றும் முதலில் கேளுங்கள்.

அசல் அப்போஸ்டிலின் தலைப்பு பிரெஞ்சில் இருக்கும். கீழே எண்ணிட்ட 10 விவரங்கள். அதிலுள்ள எண்ணையும் தேதியையும் வழங்கிய அலுவலகத்தின் பதிவேட்டில் சரிபார்க்கலாம். ஜெராக்ஸ் எடுக்கவென்று ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றாதீர்கள். ஓட்டை இரண்டு ஜோடியாகத் தெரிந்தால் தாளை மாற்றியதாகச் சந்தேகிப்பார்கள். வீட்டிலேயே கையெழுத்திட்டு ஏஜென்ட்டிடம் கொடுத்தனுப்புவதும் வேண்டாம்.

மொழிபெயர்ப்பு அப்போஸ்டிலுக்கு முன்பா, பின்பா? பத்திரத்தை வாங்கப்போகும் அலுவலகத்தையே மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்னதை மறுநாள் பக்கத்து மேசைக்காரர் மறுப்பார்.